மாலூர் பக்கம் இரண்டு ஏக்கர்: மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, உரத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

மாலூர்_தோட்டம் | மே 11, இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் குடியிருக்கிறோம். கோலார் மாவட்டம் மாலூர் தாலுகாவில் இரண்டு ஏக்கர் செம்மண் நிலம் வாங்கியிருக்கிறோம், இந்த மழைக்குத்தான் முதல் விதைப்பு. ஒரு ஏக்கரில் மானாவாரியாக ராகியும் அவரையும், இன்னொரு ஏக்கரில் சொட்டுநீரில் தக்காளியும் போட எண்ணம். முன்பு குத்தகைக்கு வைத்திருந்தவர் வருஷக்கணக்காகத் தக்காளியும் உருளைக்கிழங்கும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்.

மண் பரிசோதனை முடிவு இது:

பி.எச். (புளிப்பு-கார அளவு) 5.6. மின்கடத்துத்திறன் (உப்பு அளவு) 0.12. கரிமக் கார்பன் 0.38 சதவீதம். ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 210 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 68 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 190 கிலோ. கந்தகம் 8 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு), துத்தநாகம் 0.4, போரான் 0.3. இரும்பும் மாங்கனீசும் போதுமான அளவு என்று எழுதியிருக்கிறார்கள்.

இதை உரக்கடையில் காட்டினேன். தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஏக்கருக்கு மூன்று மூட்டை டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்), இரண்டு மூட்டை யூரியா, கூடவே ஏதோ ஒரு குருணை மருந்து என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குடியிருப்பில் இயற்கை விவசாயம் பேசும் நண்பர் ஒருவர், ரசாயனமே வேண்டாம், ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசல் மட்டும் போதும் என்கிறார். இரண்டுமே என் கையில் இருக்கும் தாளோடு பொருந்தவில்லை என்றுதான் படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


தளிக்காரர் | மே 12, காலை 6:05

தம்பி, முதல்ல அந்த மூணு மூட்டை டி.ஏ.பி.யை மறந்துடுங்க. மணிச்சத்து 68 இருக்கற மண்ணுக்கு அது எதுக்கு? தக்காளிக்காரங்க ஒவ்வொரு பட்டத்துக்கும் அடியுரமா டி.ஏ.பி., காம்ப்ளெக்ஸ்னு கொட்டிக்கிட்டே இருப்பாங்க. தழைச்சத்து தண்ணியோட போயிடும், மணிச்சத்து மண்ணைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்துடும். கோலார், மாலூர், சிந்தாமணி, எங்க தளி, தேன்கனிக்கோட்டை வரைக்கும் காய்கறி போட்ட நிலத்துல பாதிக்கு மேல இதே கதைதான்.

நான் காய்கறி போட்டு பெங்களூர் கலாசிப்பாளையம் மார்க்கெட்டுக்கு அனுப்பறவன். எங்க அப்பா காலத்துல கோடையில ஆட்டுக்கிடை போடுவாங்க. மந்தைக்காரங்க வந்து வயல்ல ராத்திரி பூரா ஆட்டை அடைச்சு வெப்பாங்க, புழுக்கையும் மூத்திரமும் ஒண்ணா விழும். இப்ப கிடை கிடைக்கறது கஷ்டம். கிடைச்சா விடாதீங்க.


இயற்கைவழி | மே 12, காலை 8:47

ஜெயநகரிலிருந்து எழுதுகிறேன். நண்பர் சொன்னதை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தாளில் என் கண்ணில் முதலில் பட்டது மணிச்சத்து அல்ல, கரிமக் கார்பன் 0.38. அரை சதவீதத்துக்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. அந்த மண் பசியில் இருக்கிறது. அதில் எந்த உப்பைப் போட்டாலும் பிடித்து வைக்க ஆளில்லை. மூடாக்கு, பசுந்தாள் உரம், ஜீவாமிர்தம், கலப்புப் பயிர் என்று மூன்று வருஷம் பொறுமையாகச் செய்தால் மண் தன்னால் எழும். யூரியா போடப்போட மண்புழு காணாமல் போன நிலங்களை நான் பார்த்திருக்கிறேன். புது நிலம், புதுத் தொடக்கம். சுத்தமாகத் தொடங்குங்கள்.


சிவப்புமண் | மே 12, பகல் 2:30

அல்சூரில் வசிக்கிறேன். வேளாண்மைத் துறை மண் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தத் தாள் எனக்கு மிகவும் பழக்கமான தாள். பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண்ணின் ஜாதகமே இதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துச் செம்மண் பழைய பாறை மட்கி வந்தது. மணலும் அதிகம், களியும் பெரும்பாலும் சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்த வகை. மழையில் சுண்ணாம்புச் சத்து கழுவிப் போவதால் புளிப்புப் பக்கம் சாயும். கர்நாடக அரசு 2009இல் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து பூசேதனா என்ற மண் வளத் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக மண் எடுத்துப் பார்த்தபோது, மானாவாரி நிலங்களில் கந்தகம், துத்தநாகம், போரான் மூன்றும் பரவலாகக் குறைந்திருப்பது தெரிந்தது. உங்கள் தாளிலும் அந்த மூன்றும்தான் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. கந்தகத்துக்கு 10, துத்தநாகத்துக்கு 0.6, போரானுக்கு 0.5 பி.பி.எம். என்பதுதான் நாங்கள் வைத்துப் பார்க்கும் எல்லைக்கோடு.

உரக்கடைச் சீட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. டி.ஏ.பி.யில் கந்தகம் கிடையாது. அதைவிட முக்கியம், மணிச்சத்து மிகுந்த மண்ணில் பயிருக்குத் துத்தநாகம் எடுப்பது இன்னும் சிரமம். மூன்று மூட்டை டி.ஏ.பி. போட்டால் 69 கிலோ மணிச்சத்து உள்ளே போகும். ஏற்கெனவே நிரம்பியதைக் கூட்டி, ஏற்கெனவே குறைந்ததை இன்னும் குறைப்பதாகவே முடியும்.

இயற்கைவழி அம்மா சொன்ன கார்பன் விஷயத்தில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் ஜீவாமிர்தம் மட்டும் போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தயாரிக்க 10 கிலோ சாணம், 10 லிட்டர் வரை கோமியம், 2 கிலோ பயறு மாவு, வெல்லம் போடுகிறோம். இவை எல்லாவற்றிலும் சேர்த்துத் தழைச்சத்து கால் கிலோ அளவுக்குத்தான் தேறும். ஏக்கருக்கு 10 குவிண்டால் ராகி அறுத்தால், தானியத்தில் மட்டுமே சுமார் 12 கிலோ தழைச்சத்து நிலத்தை விட்டு வண்டியேறுகிறது. ராகி வைக்கோல் கணக்கு தனி. அதையும் மாட்டுக்கு விற்றுவிட்டால் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலோடு போய்விடும். ஜீவாமிர்தம் நுண்ணுயிருக்கு ஊக்கம் தரலாம், அதை நான் மறுக்கவில்லை. வெளியே போகும் சத்துக்கு ஈடாக அதைக் கணக்கில் எழுத முடியாது. என்ன போகிறது, என்ன வருகிறது என்று எழுதி வைக்காத நிலத்தில், இயற்கை வழியானாலும் ரசாயன வழியானாலும் கடைசியில் மண்தான் கடன்படும்.


இயற்கைவழி | மே 12, மாலை 5:10

ஐயா, கணக்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் ஜீவாமிர்தத்தைத் தனியாகச் சொல்வதில்லை. கூடவே பயறு வகை, மூடாக்கு, மரத்தழை எல்லாம் உண்டு. காற்றிலிருந்தே தழைச்சத்து பிடிக்கும் பயிர் இருக்கும்போது மூட்டைக்கு ஏன் போக வேண்டும்?


சிவப்புமண் | மே 12, இரவு 7:55

அம்மா, அந்தக் கேள்வி சரியான கேள்வி. பசுந்தாள் பயிரான சணப்பை நன்றாக வந்தால், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல்கூடத் தழைச்சத்து கிடைக்கும். அதில் ஒரு பகுதி மண்ணிலிருந்தே எடுத்தது, மீதிதான் காற்றிலிருந்து வந்தது. ஆனாலும் நிலத்திலேயே நிற்கிறது, கழுவிப் போகவில்லை. தழைச்சத்து விஷயத்தில் உங்கள் வழி பெரும்பாலும் நிற்கும்.

நிற்காத இடம் துத்தநாகம், போரான், கந்தகம், சாம்பல்சத்து. இவற்றைக் காற்றிலிருந்து பிடிக்கும் பயிர் கிடையாது. மண்ணிலேயே இல்லாததை அந்த மண்ணில் விளைந்த தழையும் திருப்பித் தராது. வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும், அது தொழு உரமாக வரலாம், உப்பாகவும் வரலாம்.


ஹெப்பாள்_மாணவி | மே 12, இரவு 10:40

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் மண்ணியல் படிக்கிறேன். ஐயா சொன்னதற்கு எங்கள் வளாகத்திலேயே சாட்சி இருக்கிறது. நாடு முழுவதும் நீண்டகால உரச் சோதனைகள் 1970இல் தொடங்கின. பெங்களூரில் 1986 முதல் ஒரே நிலத்தில் ராகியும் மக்காச்சோளமும் மாறி மாறி நடக்கிறது. ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு விதமான உரம்: ஒன்றில் எதுவுமே இல்லை, ஒன்றில் யூரியா மட்டும், ஒன்றில் தழை, மணி, சாம்பல் மூன்றும் சேர்ந்த முழு என்.பி.கே., ஒன்றில் என்.பி.கே.யோடு தொழு உரம், இன்னொன்றில் என்.பி.கே.யோடு சுண்ணாம்பு.

நேரில் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. யூரியா மட்டும் வாங்கிய பாத்தி வருஷம் போகப்போகப் புளித்து நலிகிறது. யூரியாவிலிருந்து வரும் அம்மோனியம், செம்மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போதெல்லாம் அமிலம் உண்டாகும், அதைத் தாங்க இந்த மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லை. என்.பி.கே.யோடு தொழு உரமும் பெற்ற பாத்திதான் நிலையாக நல்ல மகசூல் தருகிறது. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவ்வளவு காலம் விடாமல் அளந்து வைத்த நிலங்களின் சொல்லுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஒரு வேண்டுகோள். மாலூர் அண்ணா, உங்கள் பி.எச். 5.6. அதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. தக்காளி போடுகிற நிலத்துக்கு அதை முதலில் கவனிக்க வேண்டும். அந்தப் புளிப்பைக் குறைக்க எவ்வளவு சுண்ணாம்பு போடுவது என்பதை பி.எச். எண்ணை மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது. ஒரே 5.6 மணல் மண்ணில் கொஞ்சம் கேட்கும், களிமண்ணில் நிறையக் கேட்கும். சுண்ணாம்புத் தேவை என்று தனியாக ஒரு சோதனை உண்டு, ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். டோலமைட் சுண்ணாம்பு கிடைத்தால் மக்னீசியமும் சேர்ந்து வரும். சுண்ணாம்பையும் யூரியாவையும், சுண்ணாம்பையும் பச்சைச் சாணத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும்.


மாலூர்_தோட்டம் | மே 13, காலை 7:15

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு நாள் இந்தத் தாளை வெறும் எண்களாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புமண் ஐயா, ராகி ஏக்கருக்கு மட்டும் ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா? எப்படிப் போடுகிறீர்கள் என்று பார்த்தால் தக்காளிக்கு நானே முயற்சி செய்வேன்.


சிவப்புமண் | மே 13, காலை 11:20

தாராளமாக.

மானாவாரி ராகிக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 20 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ. ஆக, வேறு எதுவுமே போடாவிட்டால் முழுத் தேவைக்கு ஒரே ஒரு மூட்டை போதும். கடைச்சீட்டில் இரண்டு மூட்டை யூரியாவோடு மூன்று டி.ஏ.பி.யில் வரும் 27 கிலோ தழைச்சத்தையும் கூட்டினால் 68 கிலோ ஆகிறது. மானாவாரி ராகிக்கு அது மூன்று மடங்குக்கும் மேல். பயிர் தழைத்து நிற்கும், காற்றடித்தால் சாயும், குலைநோய் தேடி வரும்.

இனிக் கழித்தல். தொழு உரம் ஹெக்டேருக்கு 7.5 டன் என்றால் ஏக்கருக்கு 3 டன். நன்றாக மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 15 கிலோ. முதல் வருஷம் அதில் மூன்றில் ஒரு பங்கு பயிருக்குக் கிடைக்கும், 5 கிலோ. மீதி மண்ணிலேயே தங்கி அடுத்தடுத்த வருஷங்களுக்கு உதவும். 20இல் 5 போக 15 கிலோ. சணப்பையையும் மடக்கி உழுதிருந்தால் அதையும் பாதி அளவுக்காவது கழியுங்கள். கடைசியில் யூரியா அரை மூட்டைக்குள் முடிந்துவிடும். அதையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை விதைப்பிலும் இன்னொரு பங்கை 30 நாளுக்கு மேல் களையெடுத்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதும் இடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் தூவினால் ஒரு பகுதி காற்றுக்குத்தான்.

மணிச்சத்து இந்த வருஷம் வேண்டாம், தொழு உரத்தில் வருவது போதும். சாம்பல்சத்து நடுத்தரம். வைக்கோலை விற்கப்போகிறீர்களென்றால் சாம்பல்சத்து உரமான பொட்டாஷ் 15 கிலோ போடுங்கள், வைக்கோலை அங்கேயே மூடாக்காக விடப்போகிறீர்களென்றால் அதைக் குறைக்கலாம்.

கந்தகத்துக்கு ஜிப்சம் ஏக்கருக்கு 80 கிலோ. துத்தநாக சல்பேட் 10 கிலோ, மட்கிய தொழு உரத்தோடு கலந்து இடுங்கள், டி.ஏ.பி.யோடு எந்தக் காலத்திலும் கலக்காதீர்கள், கரையாத உப்பாகிவிடும். போராக்ஸ் 2 கிலோ, அதற்கு மேல் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். போரானில் போதுமானதற்கும் நஞ்சுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. துத்தநாகம் ஒருமுறை போட்டால் சில பட்டங்களுக்குத் தாங்கும், வருஷா வருஷம் தேவையில்லை.

இந்த நாட்டில் யூரியா இவ்வளவு கொட்டப்படுவதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்தார்கள். இன்று யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 1,350 ரூபாய், பொட்டாஷ் அதற்கும் மேல். கையில் காசு குறைவாக இருப்பவன் எதை எடுப்பான்? 2015இல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வரத் தொடங்கியது, 2018இல் மூட்டை 50 கிலோவிலிருந்து 45 ஆனது. விலை இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது. மண் வள அட்டை 2015 பிப்ரவரியில் தொடங்கி 12 அளவுகளை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். அட்டையைப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒரு ஆள் இல்லாததால் அது பல வீடுகளில் ரேஷன் அட்டையோடு பெட்டியில் கிடக்கிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.


கே.ஜி.எஃப்_பையன் | மே 13, இரவு 9:05

அண்ணா, தங்கவயல்ல இருந்து. எங்க நிலம் பங்காருபேட்டை பக்கம். உங்க போர்வெல் தண்ணியை டெஸ்ட் பண்ணீங்களா? 2018ல இருந்து கே.சி. வேலி திட்டத்துல பெங்களூரோட சுத்திகரிச்ச கழிவுநீர் கோலார் ஏரிங்களுக்கு வருது. எங்க சுத்துல ஏரி நிரம்பி, வறண்ட போர் எல்லாம் தண்ணி எடுத்துச்சு. அதுக்கு நாங்க சந்தோஷப்படறோம், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தத் தண்ணியில சத்தும் வருது, வேற என்னென்ன வருதுன்னும் பாக்கணும். மூணாம் கட்டச் சுத்திகரிப்பும் வேணும்னு எங்க ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.

எங்க சித்தப்பா அந்தத் தண்ணி பாயற தக்காளிக்கு வழக்கமான அளவு யூரியாவே போட்டாரு. செடி காடு மாதிரி வளர்ந்துச்சு, காய் பிடிக்கல.


ஹெப்பாள்_மாணவி | மே 13, இரவு 9:50

இது நல்ல இடம். தண்ணீரையும் உரக் கணக்கில் எழுத வேண்டும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதி. அதைத் தழைச்சத்தாக மாற்றினால் சுமார் 10 மில்லிகிராம். சொட்டுநீரில் ஒரு பட்டத்துக்கு 400 மில்லிமீட்டர் அளவுக்குப் பாய்ச்சினால் ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டர். அதிலேயே 16 கிலோ தழைச்சத்து வந்துவிடும், கிட்டத்தட்ட முக்கால் மூட்டை யூரியா. கோலார் பக்கம் ஏரி நீர் வராத கிணறுகளிலும் நைட்ரேட் கூடுதலாகக் காணப்படுவது உண்டு, காரணம் வருஷக்கணக்காகப் போட்ட உரமும் தொழுவமும். அதனால் யாராக இருந்தாலும் தண்ணீரைச் சோதித்த பிறகே மேலுரம் தீர்மானியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டுக் கழிவுநீர் வேறு, ஆலைக் கழிவு கலந்த நீர் வேறு. விருஷபாவதி ஆறு போய் விழும் பைரமங்கலா ஏரிப் பக்கம் மண்ணிலும் காய்கறியிலும் கன உலோகங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஏரி வண்டல் எடுத்துப் போடுகிறவர்களும் அந்த ஏரிக்கு என்ன வந்து சேர்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.


தளிக்காரர் | மே 14, காலை 5:50

வண்டல்னு சொன்னதும் ஞாபகம் வருது. இங்க கன்னடத்துக்காரங்க கெரெ மண்ணுன்னு கோடையில டிராக்டர்ல அடிப்பாங்க. ஊர் ஏரி, மழைத்தண்ணி மட்டும் வர்ற ஏரின்னா தயங்காம அடிங்க. செம்மண்ணுக்குக் களி சேரும், ஒரு மழை தவறினாலும் பயிர் நாலு நாள் கூடத் தாங்கும். நான் ரெண்டு வயல்ல அடிச்சேன், வித்தியாசம் கண்ணால பாக்கலாம்.

ராகியில அவரையை வரிசையாப் போடுங்க, அக்கடி சாலுன்னு சொல்லுவாங்க. ஆறு எட்டு வரிசை ராகிக்கு ஒரு வரிசை அவரை. ராகி அறுத்ததுக்கு அப்புறம் பனியிலயே அவரை காய்க்கும், இலை எல்லாம் நிலத்துலயே கொட்டும். டிசம்பர், ஜனவரியில பெங்களூருக்காரங்க அவரைக்காய்க்குத் தவிப்பாங்க, விலையும் கிடைக்கும்.


மாடி_கோரமங்கலா | மே 14, பகல் 12:15

நிலம் இல்லாதவள் நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். மாடியில் தென்னை நார்த்தூள், மண்புழு உரம், செம்மண் கலந்து கத்தரி, தக்காளி, கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். போர்வெல் தண்ணீர்தான். புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றியும் மாறவில்லை.


சிவப்புமண் | மே 14, பகல் 3:40

கேட்பதில் தவறே இல்லை அம்மா. தளிரில் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பு கிடைக்கவில்லை என்று பொருள். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலையில்தான் முதலில் மஞ்சள் வரும். அதனால்தான் புண்ணாக்குக்குச் செடி பதில் சொல்லவில்லை. நகரத்துப் போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம், பைகார்பனேட் தொட்டி மண்ணின் பி.எச்.சை ஏற்றிவிடுகிறது. இரும்பு உள்ளேயே இருந்தாலும் வேருக்கு எட்டாது. அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு எல்லாம் போடுகிறீர்களென்றால் இப்போதைக்கு நிறுத்துங்கள், அவை இன்னும் ஏற்றும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள், மழைக்காலத்தில் தொட்டியை நன்றாகக் கழுவி வடிய விடுங்கள். அவசரத்துக்கு கீலேட் வடிவ இரும்பைத் தெளிக்கலாம். நார்த்தூளை வாங்கினால் உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.


இயற்கைவழி | மே 14, மாலை 6:25

மாடி அம்மாவுக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. வீட்டுச் சமையல் கழிவைக் கம்போஸ்ட் செய்யும்போது காய்ந்த இலையைத் தாராளமாகச் சேருங்கள். ஈரக் கழிவு மட்டும் போட்டால் நாறும், தழைச்சத்து பறக்கும். ஜெயநகர் சாலையோர மரங்கள் பிப்ரவரி, மார்ச்சில் உதிர்க்கும் இலையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க வரும். அதைத் தெருவோரம் குவித்துக் கொளுத்துவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

மாலூர் தம்பிக்கும் சொல்கிறேன். துத்தநாகம், போரான் விஷயத்தில் ஐயா சொல்வதை ஏற்கிறேன். மண்ணில் இல்லாததைக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். யூரியாவில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. சணப்பையும் தொழு உரமும் வைத்து ஒரு ஏக்கரில் பாதியை யூரியா இல்லாமல் நடத்திப் பாருங்கள், மறு பாதியில் ஐயா கணக்கு. அறுவடையைத் தனித்தனியாக எடை போடுங்கள்.


சிவப்புமண் | மே 14, இரவு 8:10

இதைவிட நல்ல யோசனை இல்லை அம்மா. இரண்டு பாதியிலும் ஜிப்சம், துத்தநாகம், போராக்ஸ், தொழு உரம் எல்லாம் சமமாக இருக்கட்டும். யூரியா மட்டும்தான் வேறுபட வேண்டும். அப்போதுதான் எடை நமக்கு ஏதாவது சொல்லும்.


மாலூர்_தோட்டம் | மே 14, இரவு 10:30

அப்படியே செய்கிறேன். தொழு உரம்தான் பிரச்சினை. ஊரில் மாடு குறைந்துவிட்டது, வண்டி உரம் விலை ஏறிவிட்டது. பெங்களூர் நகரக் கம்போஸ்ட் வாங்கலாமா? தேனுறிஞ்சி வண்டி என்று கழிவுத்தொட்டி சுத்தம் செய்பவர்கள் நிலத்தில் இலவசமாகக் கொட்டித் தருவதாகவும் சொல்கிறார்கள்.


ஹெப்பாள்_மாணவி | மே 15, காலை 8:30

நகரக் கம்போஸ்ட் வாங்கலாம், ஆனால் சான்று கேளுங்கள். பெங்களூரில் கர்நாடகக் கம்போஸ்ட் மேம்பாட்டுக் கழகம் 1975 முதலே இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள், காட்மியம் 5க்குள் இருக்க வேண்டும். கார்பன் தழைச்சத்து விகிதம் 20க்குள் இருக்க வேண்டும். கலந்த குப்பையிலிருந்து வந்ததா, வீட்டிலேயே பிரித்த ஈரக் குப்பையிலிருந்து வந்ததா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் தெரிந்தால் வேண்டாம். ஐ.டி. வளாகங்களிலும் பெரிய குடியிருப்புகளிலும் பிரித்துச் செய்த கம்போஸ்ட் தேங்கிக் கிடக்கிறது, உங்கள் ஒயிட்ஃபீல்டிலேயே விசாரியுங்கள்.

மலக்கழிவு வண்டி விஷயத்தில் தயவுசெய்து கவனம். பெங்களூர் சுற்று வட்டாரத்தில் வாழை, தென்னைக்காரர்கள் அதைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறார்கள், சத்தும் நிறைய உண்டு. ஆனால் புழு முட்டைகள் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். நம் வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் காய்ந்து கிடந்தால்தான் ஆபத்து தணியும். தக்காளி, கீரை போடும் நிலத்தில் பச்சையாகக் கொட்ட விடாதீர்கள். கையுறை இல்லாமல் யாரையும் அதில் இறக்காதீர்கள்.


கே.ஜி.எஃப்_பையன் | மே 15, காலை 9:15

மாணவி சொன்னதுல எனக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு. எங்க ராகி, தக்காளி, பால் எல்லாம் தினமும் பெங்களூருக்குத்தான் போகுது. மண்ணோட சத்து அங்கதான் போய்ச் சேருது. சுத்தமான கம்போஸ்டா திரும்பி வந்தா நாங்க வண்டி வாடகை கொடுத்துக்கூட எடுத்துக்குவோம். குப்பையைப் பிரிக்காம கொடுத்தா எங்களுக்கு ஊசியும் கண்ணாடியும்தான் மிஞ்சும். மாடி அம்மா மாதிரி வீட்டுல பிரிக்கறவங்க எல்லாருக்கும் எங்க பக்கத்துல இருந்து பெரிய கும்பிடு.


மாலூர்_தோட்டம் | மே 16, இரவு 9:00

முடிவு செய்தவற்றை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். இந்த வாரமே சுண்ணாம்புத் தேவைக்கும் போர்வெல் தண்ணீருக்கும் சோதனை. வந்ததும் டோலமைட். இரண்டு வாரம் கழித்து இரண்டு ஏக்கரிலும் சணப்பை, பூத்ததும் மடக்கி உழவு. ஜூலைக் கடைசியில் ராகியும் அவரையும், யூரியாவோடு பாதி, இல்லாமல் பாதி. தக்காளியை இந்தப் பட்டம் தள்ளிவைக்கிறேன். தொடர்ந்து தக்காளி, உருளை போட்ட மண்ணில் வாடல் நோய்க் கிருமி தேங்கியிருக்கும் என்று தளி அண்ணன் போனில் சொன்னார், அந்த ஏக்கரில் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் போடப்போகிறேன்.


ஹெப்பாள்_மாணவி | மே 16, இரவு 9:40

சரியாக இருக்கிறது அண்ணா. அறுவடைக்குப் பிறகு மறுபடி மண் எடுக்கும்போது இரண்டு பாதிக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், வளைந்து வளைந்து நடந்து, மேல் குப்பையை விலக்கி, ஆங்கில வி எழுத்து போல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரைக் கிலோ வரும்வரை செய்யுங்கள். துத்தநாகம் பார்க்க வேண்டியிருப்பதால் துத்தநாகம் பூசிய இரும்பு வாளி கூடவே கூடாது. பழைய உரச் சாக்கில் கட்டாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். நவம்பரில் எங்கள் வளாகத்தில் கிருஷி மேளா நடக்கும், அப்போது வந்தால் 1986 பாத்திகளையும் காட்டச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன்.


தளிக்காரர் | மே 17, காலை 5:40

தம்பி, சணப்பை விதை ஏக்கருக்கு 12 கிலோ வெச்சுக்கலாம். ரெண்டு ஏக்கருக்கு 24. ஓசூர்ல எனக்குத் தெரிஞ்ச கடையில சொல்லி வெச்சிருக்கேன், சனிக்கிழமை காலையில வாங்க. வரும்போது நாலு காலி கோணி எடுத்துட்டு வாங்க, எங்க வீட்டுல மட்கின எரு கொஞ்சம் இருக்கு, துத்தநாகம் கலக்கறதுக்கு ஆகும்.